பழைய காரின் பெயின்டைக் கழற்றுவது: உப்புக்காற்றுக் கரைக்கு எந்த வழி பொருந்தும்?

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, கொட்டில்களுக்குள் ரயர் இறங்கிக் கிடந்த பழைய கார்களைத் தேடி மறுபடியும் ஆட்கள் வந்தார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் மொறிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், வொக்ஸ்வேகன், பெஜோ 404 என்று பாட்டனார் காலத்துக் கார்களை வெளியே இழுத்துப் பார்த்தார்கள். 2025 இல் இறக்குமதி திரும்பத் திறந்த பிறகும் அந்த வேலைகள் நிற்கவில்லை. விலைக்காகத் தொடங்கிய பலர் இப்போது காருக்காகவே செய்கிறார்கள். எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி.

எஞ்சின் வேலைக்கு ஆளும் பாகமும் எப்படியோ கிடைத்துவிடும். பணமும் பொறுமையும் கரைவது பாடி வேலையில். அதிலும் முதல் முடிவு, ஐம்பது அறுபது ஆண்டாக ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த பெயின்டை எந்த வழியில் கழற்றுவது என்பது. ஒவ்வொரு கராஜ் பாஸும் தன் கைக்குப் பழகிய வழியைச் சொல்வார். ஒருவர் கிரைண்டர் என்பார், ஒருவர் பெயின்டை இளக்கி உரிக்கும் றிமூவர் மருந்து என்பார், இன்னொருவர் "கொழும்புக்கு அனுப்பி சாண்ட் பிளாஸ்ட் அடிச்சு எடுங்க, ஒருநாள் வேல" என்பார். பேச்சு முழுக்க வேகத்தையும் கூலியையும் சுற்றியே போகும். நான் வேறு இரண்டை முன்னே வைக்கிறேன். பெயின்ட் போன பிறகு அந்த வழி தகர மடிப்புகளுக்குள் எதை விட்டுவிட்டுப் போகிறது? தகரம் எவ்வளவு நேரம் வெறுமையாக நிற்கிறது? கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஓடப்போகும் காரின் ஆயுள் இந்த இரண்டில்தான் தங்கியிருக்கிறது.

உதாரணத்துக்கு மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த கார் அது. 1971 வரை செய்தார்கள். அதற்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தரைத் தகரம், கதவுகளுக்கு அடியில் நீளும் பெட்டிச் சட்டம், மேல் பாடி எல்லாம் சேர்ந்தே சுமையைத் தாங்குகின்றன. அந்தப் பெட்டிச் சட்டங்களும் பின் ஸ்பிரிங் மாட்டும் இடங்களும் உள்ளிருந்து துருப்பிடித்தால், மேலே எவ்வளவு மினுக்கினாலும் கார் நடுவில் தொய்யும். 1950களின் தொடக்கத்து ஒஸ்டின் ஏ40 சமர்செட் போன்றவற்றுக்குத் தனிச் சேசிஸ் உண்டு, பாடியைக் கழற்றித் தூக்கிவிடலாம். பழைய லேண்ட் றோவரின் மேல்தகரமோ பெரும்பாலும் அலுமினியக் கலவை. ஆகவே பக்கத்து வீட்டுக் காருக்குச் சரிவந்த வழி உங்கள் காருக்கும் சரிவரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில், முழுக்கக் கழற்றத்தான் வேண்டுமா?

இதை யாரும் கேட்பதில்லை. பெயின்ட் மங்கிப்போனது மட்டும்தான் குறையென்றால், அதைத் தகரம்வரை கழற்றுவது தேவையில்லாத ஆபத்து. தகரத்தை இறுகப் பற்றியிருக்கும் பழைய பூச்சைப் போன்ற காப்பு வேறில்லை. மூன்று சோதனைகள் போதும். கத்தியால் குறுக்கும் நெடுக்கும் மெல்லக் கீறி, மேலே ரேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். சதுரங்கள் பெயர்ந்து வந்தால் பிடிப்பு இல்லை. சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி பாடி முழுக்க ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் கீழே புட்டி இருக்கிறது, புட்டிக்குக் கீழே பெரும்பாலும் துரு இருக்கிறது. கடைசியாக, டிக்கி மூடியின் உட்புறம் போன்ற மறைவிடத்தில் தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் தேயுங்கள். நிறம் கரைந்து துணியில் ஏறினால் அது என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) பெயின்ட், எத்தனை ஆண்டு காய்ந்திருந்தாலும் தின்னரில் கரையும். அதன்மேல் இன்றைய, இரு பாகம் கலந்து அடிக்கும் டூ-கே பெயின்டை நேரே அடித்தால், புதிய பூச்சின் கரைப்பான் பழையதை இளக்கிச் சுருக்கிவிடலாம்.

பூச்சு இறுகி இருந்தால் கெட்ட இடத்தை மட்டும் தகரம்வரை எடுத்து, மற்றதைச் சொரசொரப்பாக்கி, எல்லாவற்றையும் எப்பொக்சி பிரைமரால் மூடுங்கள். கொப்புளம், பெயின்டுக்குக் கீழே புழுப்போல நெளியும் துருக்கோடு, பாளமாக வெடித்த தடித்த படை: இவை இருந்தால்தான் முழுக்கக் கழற்ற வேண்டும்.

எதைத் தொடங்குமுன்பும் ஓர் இடத்தில் ஒரு ரூபாய்க் குற்றியளவு வட்டமாகத் தேய்த்துப் படைகளை வளையம் வளையமாகத் திறந்து பாருங்கள். அடியில் தெரிவது தொழிற்சாலை நிறம். அதைப் படமெடுத்து வையுங்கள். அந்த நிறத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற ஆசை பிறகு பலருக்கு வருகிறது, அப்போது பார்க்க ஒன்றும் மிஞ்சியிருப்பதில்லை.

கையும் மெஷினும்

சாண்ட் பேப்பரும் மெஷினும் ஈரத்தையோ மருந்தையோ மடிப்புக்குள் விடாது. அந்த வகையில் இதுதான் மிகச் சுத்தமான வழி. எண்பதாம் நம்பர் பேப்பர் போட்ட, சுற்றியும் அசைந்தும் ஓடும் சாண்டர் தகரத்தைக் கெடுக்காது. ஆனால் என்.சி. பெயின்ட் சூட்டில் இளகிப் பேப்பரை அடைத்துவிடும், பேப்பர்ச் செலவு ஏறும்.

கிரைண்டர்தான் ஆபத்தானது. நாலரை அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றளவில் ஓடுகிறது. அதில் சாண்ட் பேப்பர் மடல்கள் அடுக்கிய ஃபிளாப் டிஸ்க்கைப் போட்டால் பெயின்டோடு தகரமும் போகும். மைனரின் தகரம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான். அதில் கால்வாசியைத் தேய்த்துவிட்டால் யாருக்கும் தெரியாது, அடுத்த துருவுக்கு மட்டும் தெரியும். பஞ்சுபோல நைலோன் வலையாலான ஸ்ட்ரிப் டிஸ்க் நல்லது. அதன்மேல் அச்சிட்ட வேகத்துக்கு மேலே ஓட்டாதீர்கள், ஓர் இடத்தில் நிறுத்தி அழுத்தாதீர்கள். வயர் கப் மூலைமுடுக்குக்கு உதவும், ஆனால் கம்பிகள் தெறிக்கும். கண்ணாடி போடாமல் அதைத் தொடவே கூடாது.

தூசுதான் இந்த வழியின் பெரிய குறை. அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், மஞ்சள், சிவப்பு நிறங்களில் அதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். அது பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. வீட்டு முற்றத்தில், கிணற்றடியில், பிள்ளைகள் ஓடித்திரியும் இடத்தில் உலரத் தேய்க்காதீர்கள். துணிமுகமூடி இதற்குப் போதாது. நுண்தூசு வடிகட்டி போட்ட ரப்பர் மாஸ்க் வேண்டும். வேலைச் சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் தோய்க்கவும் கூடாது.

றிமூவர்

தட்டையான பெரிய பகுதிகளுக்கு, அதாவது பொனற், கூரை, கதவு, மட்கார்டுகளுக்கு, என் தெரிவு இதுதான். தகரத்தை நெளிக்காது, தேய்க்காது, சூடாக்காது. ஆறேழு படை இருந்தாலும் தோலாக உரிந்து வரும்.

முதலில் முப்பத்தாறாம் நம்பர் பேப்பரால் பெயின்டைக் குறுக்குநெடுக்காகக் கீறுங்கள். பிறகு றிமூவரைத் தடிப்பாக, ஒரே பக்கமாகத் தடவுங்கள். சுவர் பூசுவதுபோல முன்னும் பின்னும் இழுத்தால் மேலே படியும் மெழுகுப் படலம் உடைந்து மருந்து பறந்துவிடும். பழைய வகை றிமூவரில் வேலை செய்யும் டைக்குளோரோமீதேன் 40 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிப்பது. நம் ஊரில் வெயில்பட்ட தகரம் அதைவிடச் சுடும். அதனால் நிழலில், காலையில் வேலை செய்யுங்கள், தடவியவுடன் பொலித்தீன் விரிப்பால் மூடுங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் பெயின்ட் பொங்கி எழும். முனை உருட்டிய சுரண்டியால் அள்ளுங்கள்.

அந்த மருந்தின் ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய கொட்டிலில் தரையோடு தங்கும். உடலுக்குள் போனால் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவாக மாறும். இதய நோயுள்ளவருக்கு அது உயிராபத்து. ஐரோப்பிய ஒன்றியம் பொதுமக்களுக்கு இதை விற்பதைத் தடுத்தது, அமெரிக்கா 2019 இல் வீட்டுப் பாவனை றிமூவர்களில் தடை செய்தது. டின்னில் பெயர் புரியாவிட்டால் 75-09-2 என்ற இலக்கத்தைத் தேடுங்கள், அதுதான் இந்த இரசாயனத்தின் பதிவு எண். சாதாரண வடிகட்டி மாஸ்க் இதை நெடுநேரம் தடுக்காது. நாலு பக்கமும் திறந்த கொட்டில்தான் உண்மையான பாதுகாப்பு. பென்சைல் அல்ககோல் சார்ந்த றிமூவர் கிடைத்தால் அதை வாங்குங்கள். பல மணிநேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

நான் முன்னே வைத்த கேள்வி இந்த வழிக்கும் உண்டு. றிமூவர் மடிப்புக்குள் ஊறினால் வெளியே வராது. மாதங்கள் கழித்துப் புதிய பெயின்டைக் கொப்புளமாகத் தூக்கும். ஆகவே கதவு விளிம்பு, பொனற் மடிப்பு, தகரங்கள் சேரும் இடம் எல்லாவற்றிலும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் விட்டு மாஸ்கிங் ரேப் ஒட்டுங்கள். அந்த ஓரங்களைக் கையாலோ ஸ்ட்ரிப் டிஸ்க்காலோ பிறகு எடுக்கலாம். கழுவும் விதம் டின்னுக்கு டின் மாறும். சிலது தண்ணீர் கேட்கும், சிலது தின்னர் கேட்கும். தண்ணீர் கேட்டால், கிணற்றுத் தண்ணீரை முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள். உவர் தட்டினால் வெறும் தகரத்தில் அதை ஊற்றாதீர்கள். பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ எடுங்கள்.

சாண்ட் பிளாஸ்ட்

காற்றமுக்கத்தில் மணலை வீசியடித்துப் பெயின்டையும் துருவையும் எடுக்கும் இந்த வழியைப் பற்றித்தான் நம் ஊரில் அதிக நம்பிக்கையும் அதிகச் சேதமும். கிரைண்டர் போகாத குழிக்குள்ளும் போய்த் துருவை வேரோடு எடுப்பது இது ஒன்றுதான். தடித்த இரும்புக்கு இதற்கு இணையில்லை.

மெல்லிய தகரம் வேறு. மணலின் சூடுதான் தகரத்தை வளைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம், ஒவ்வொரு மணியும் சின்னச் சுத்தியலாக விழுந்து தகரத்தின் ஒரு முகத்தை மட்டும் நீட்டுவது. ஒரு முகம் நீண்டு மறு முகம் அப்படியே இருந்தால் தகரம் வீங்கத்தான் செய்யும். கூரையும் பொனற்றும் அப்படிக் கெட்டால், கையால் அமுக்க பிஸ்கட் டின் மூடிபோல 'டொக்' என்று உள்ளே போய் வெளியே வரும். அதைத் திரும்ப நிமிர்த்தக்கூடிய கை இன்று அரிது. 30, 40 பி.எஸ்.ஐ. அளவுக் குறைந்த அமுக்கத்தில், நுண்ணிய மணியில், சாய்வாக அடித்தால் தப்பலாம். கூலிக்கு அடிப்பவர் அந்தப் பொறுமையோடு அடிப்பாரா என்பதை முதலில் கேளுங்கள். கேட்டால் போதாது, அவர் அடித்த ஒரு பொனற்றைக் கையால் தடவிப் பாருங்கள்.

அடுத்தது மணல். கடற்கரை மணலை அள்ளி அடிப்பது இரட்டைத் தீங்கு. அதில் உப்பு இருக்கிறது, படிகக்கல் (குவார்ட்ஸ்) இருக்கிறது. ஆற்று மணலிலும் படிகக்கல் உண்டு. உடைந்த படிகக்கல் தூசு நுரையீரலைத் தழும்பாக்கும், அந்தச் சிலிக்கோசிஸ் நோயைக் குணமாக்க மருந்தில்லை. பிரித்தானியாவில் 1950 இலேயே அந்த மணலால் அடிப்பதைத் தடை செய்துவிட்டார்கள். கார்னெட் மணி கேளுங்கள். அடிக்கும் பையனின் முகத்தில் காற்றுக் குழாய் பூட்டிய கவசம் இருக்கிறதா என்றும் பாருங்கள். காருக்காக ஒருவருடைய நெஞ்சைக் கெடுக்க நமக்கு உரிமையில்லை.

மூன்றாவதுதான் என் பெரிய கவலை. ஆரையம்பதிப் பக்கத்தில் தகர வேலை செய்யும் முதிய ரிங்கர் பாஸ் ஒருவர் சொல்வார்: "மனே, மணல் அடிச்ச காருல கதவடியத் தட்டிப்பாரு. உள்ளுக்குச் சலசலங்கும்." உண்மைதான். மைனரின் பெட்டிச் சட்டங்களுக்குள் போன மணல் முழுக்க வராது. நீர் வடியும் துளைகளை அடைக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும், பெயின்ட் அடிக்கும்போது காற்றில் பறந்து ஈரப் பூச்சில் ஒட்டும்.

துருக்குழிகளுக்குள் இருக்கும் உப்பையும் சாண்ட் பிளாஸ்ட் எடுத்துவிடாது. தகரம் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று நிற்கும், இரவோடிரவாகக் குழிகள் கறுக்கும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறிய இடங்களில் நின்ற கார் என்றால் இதைக் கட்டாயம் எதிர்பாருங்கள். நல்ல தண்ணீரால் தேய்த்துக் கழுவி, உடனே காற்றடித்து உலர்த்தி, மறுபடி மெல்ல அடிக்க வேண்டி வரும். அப்படிப்பட்ட காரில் பெட்டிச் சட்டத்தை வெளியிலிருந்து சுத்தம் செய்வது வீண். வெட்டித் திறந்து, கெட்டதை மாற்றிவிடுங்கள்.

மற்றவை

சோடா பிளாஸ்ட், அதாவது அப்பச்சோடா மணியால் அடிப்பது, தகரத்தை நெளிக்காது, கண்ணாடியையும் குரோமையும்கூட அவ்வளவாகக் கெடுக்காது. ஆனால் துருவை எடுக்காது. மேலும் அது விட்டுச்செல்லும் சோடாப் படலம் முழுக்கப் போகாவிட்டால் பிரைமர் உரிந்து வரும். மடிப்புக்குள் போனதைக் கழுவ நிறையத் தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீரும் மடிப்புக்குள்தான் போகும். இந்தக் கரையில் முழுப் பாடிக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

கொஸ்ரிக் சோடாத் தொட்டியும் அப்படித்தான். முழுப் பாடியை முக்கினால் பெட்டிகளுக்குள் காரம் தங்கும். கழற்றிய இரும்பு பிறாக்கெட், சில்லு போன்ற சிறு பாகங்களை பிளாஸ்டிக் பீப்பாயில் ஊறவைக்க மலிவான நல்ல வழி. அலுமினியத்தை மட்டும் உள்ளே போடாதீர்கள். கரைந்து, தீப்பற்றும் ஐதரசன் வாயுவை விடும்.

சூட்டுக் காற்றுத் துப்பாக்கி காருக்கு வேண்டாம். அந்தக் காலத்து ஆங்கிலக் கார்களில் இணைப்புகளை ஈயக் கலவையால் நிரப்பினார்கள், அது 183 பாகையில் இளகத் தொடங்கும்; துப்பாக்கி 500 பாகைக்கு மேலே போகும். என்.சி. பெயின்டோ இலகுவில் தீப்பற்றுவது.

மைனர் ஒன்றுக்கு நான் சொல்வது

வெளித் தகரத்துக்கு றிமூவர், ஓரங்களுக்கும் மடிப்புகளுக்கும் கையும் ஸ்ட்ரிப் டிஸ்க்கும். சஸ்பென்ஷன் கைகள், பம்பர் பிறாக்கெட், சில்லு ஆகியவற்றைக் கழற்றிச் சாண்ட் பிளாஸ்டுக்கு அனுப்புங்கள். தரைத் தகரத்தின் அடிப்பக்கத்துக்கு வயர் பிரஷும், பிறகு பொஸ்போரிக் அமிலம் சார்ந்த துரு மருந்தும். அந்த மருந்தை டின்னில் சொன்னபடி முழுக்கக் கழுவி உலர்த்தாமல் எப்பொக்சி அடிக்காதீர்கள், பிடிக்காது. கூலி கூடும், நாளும் கூடும். ஆனால் முழுப் பாடியும் ஒரே நாளில் வெறுமையாக நிற்காது. பொனற்றைக் கழற்றினால் அன்றைக்கே பொனற்றுக்குப் பிரைமர். மறுநாள் ஒரு கதவு.

கொழும்புக்குப் போய்ச் சுத்தமாகி வெறும் தகரமாக லொறியில் திரும்பும் பாடிக்கு இந்த வாய்ப்பு இல்லை. அப்படியே அனுப்புவதென்றால், அடித்த இடத்திலேயே அன்றைக்கே எப்பொக்சி பூசித் தருவார்களா என்று பேசி எழுதி வாங்குங்கள். முடியாதென்றால் அனுப்பாதீர்கள்.

காலமும் முடிவின் ஒரு பாதி. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களின் வாடைமழையில் தகரத்தைத் திறக்கவே கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்கள்தான் நமக்குக் கிடைத்த வரம்: மலைப்பக்கமிருந்து வருவதால் வறண்டது, சூடானது. தூசு கிளம்பும், அதற்குத் தரையை முன்னதாக நனைத்து வையுங்கள். கடற்காற்று திரும்பும் மாலைக்குமுன் அன்றைய பகுதியை மூடிவிடுங்கள். தெரிவு இருந்தால் கடல்பக்க எழுவான்கரையை விட, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு கொட்டில் தேடுங்கள். கடலிலிருந்து அந்தத் தூரம் தள்ளிப்போவதே உப்பைக் குறைக்கும். காலையில் தகரத்தில் ஈரம் படிந்திருந்தால் அது தானாக உலர்ந்து சூடேறும்வரை பிரைமரைத் தொடாதீர்கள். வெறும் கையாலும் தொடாதீர்கள். வியர்வைக் கைரேகை மறுநாளே துருவாகத் தெரியும்.

பிரைமரில் சிக்கனம் பார்ப்பது இந்த வேலை முழுவதையும் வீணாக்கும். பழகிய ரெட் ஒக்சைட் விலை குறைவு, ஆனால் அது ஈரத்தை ஊறவிடும். அடித்துவிட்டு மாதக்கணக்கில் புட்டி வேலை பார்த்தால் கீழே துரு ஓடிக்கொண்டிருக்கும். இரு பாகம் கலக்கும் எப்பொக்சிதான் தகரத்தை மூடும். புட்டியும் அதன்மேல்தான், வெறும் தகரத்தில் அல்ல; புட்டி தண்ணீரைக் குடிக்கும். எப்பொக்சி வெயிலில் மாவாகப் போகும் என்பதால் கார் கூரைக்குக் கீழேயே நிற்கட்டும்.

சுரண்டி எடுத்த பெயின்டை வாவியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். நாம் மீனும் இறாலும் எடுப்பது அந்தத் தண்ணீரில்தான். ஈயம் கலந்த சேற்றை மூடியுள்ள இரும்பு டின்னில் சேர்த்து, மேலே எழுதி வைத்து, அபாயக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். என்.சி. தூசு தானாகவே பற்றக்கூடியது, தின்னர்த் துணி இலகுவில் தீப்பிடிப்பது, அவற்றுக்குத் தண்ணீர் நிரப்பிய தனி டின் ஒன்றைக் கொட்டிலுக்கு வெளியே வையுங்கள்.